திருஷ்டி கழிப்பு

சேர்மக்கனியை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். இப்போது இரண்டு அடித்து ஐந்து நிமிஷம்தான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம், வாங்க வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து ஆய்வகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவளை என்னவென்று சொல்வது. குருலட்சுமி அப்படித்தான். நாலு மணி பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே போய் நின்று, நின்றபடியே எதையாவது யோசித்து, நாலு மணி பஸ்ஸைக் கோட்டை விடுகிற ரகம். எம்.ஏ. சமூக உளவியல், இரண்டாம் வருஷம், சாத்தூர்ப் பக்கத்துப் பெண். யோசிப்பதையே படிப்பாக எடுத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வந்து சேர்ந்தவள். ஆய்வகம் என்றால் குடுவையும் அடுப்பும் இருக்கும் என்று அவளுடைய அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். இங்கே இருப்பது ஆறு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மரத்தடுப்பு, ஒரு இரும்பு பீரோ. ஆறு நாற்காலியும் அரைவட்டமாகத் தடுப்பைப் பார்த்துக் கிடக்கின்றன. தனியாக இருக்கும்போது ஆள் இல்லாத நாற்காலிகளை ரொம்ப நேரம் பார்க்கக் கூடாது என்பது இந்த ஒரு வருஷத்தில் அவளுக்குத் தெரிந்துபோன விஷயம். பார்த்தால், இப்போதுதான் எழுந்து போனார்கள் போலவும் இருக்கும், இனிமேல்தான் வரப்போகிறார்கள் போலவும் இருக்கும், ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் இவள் திரும்பியதும் நிறுத்திக்கொண்டது போலவும் இருக்கும். அதனால் அவள் ஜன்னலைப் பார்த்தாள். பங்குனி வெயில். சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு ஜீவன் இல்லை. மறுபடியும் நாற்காலிகளைப் பார்த்தாள்.

பரிசோதனை ஒன்றும் புதிதில்லை. வெளிநாட்டில் என்றைக்கோ செய்ததை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் செய்து பார்ப்பதுதான். ஒரு அட்டை. அதன் இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் மூன்று கோடு. இடது கோட்டின் நீளத்துக்குச் சரியாக இருப்பது ஒன்றா, இரண்டா, மூன்றா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் ஆறு பேர் உட்கார்ந்து வரிசையாகச் சொல்கிறார்கள், அதில் முதல் ஐந்து பேர் ‘நம்ம ஆள்’. துறையில் அவர்களுக்கு அதுதான் பெயர். எந்த அட்டைக்கு என்ன தப்பைச் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்து உட்கார்த்தப்பட்ட ஜூனியர் பிள்ளைகள். ஆறாவது நாற்காலியில் இருப்பவர் மட்டும்தான் ஒன்றும் அறியாமல் வந்த ஆள். ஐந்து பேர் கொஞ்சமும் கூசாமல் இரண்டு, இரண்டு, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வர, மூன்று என்று பளிச்சென்று தெரிகிற அந்த ஆறாவது ஆள் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார்கள். பாதிப்பேர் ஒரு தடவையாவது இரண்டு என்று சொல்லிவிடுவார்கள். முடிந்ததும் அவரைத் தனியாக உட்கார வைத்து, அவர்கள் ஐந்து பேரும் நம்ம ஆளுங்க, வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள், உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, சொன்னதற்கு அத்தாட்சியாக ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். புத்தகத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. எந்த வருஷத்துச் சீனியரோ வாய்க்கு வந்தபடி வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. திருஷ்டி கழிப்பு. “என்னடீ, உன் ஆளுக்குத் திருஷ்டி கழிச்சாச்சா?” என்று வராண்டாவில் கேட்டுக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள், ஆனால் கழிக்காமல் ஒரு ஆளைப் படியிறங்க விட்டால் ஆய்வு வழிகாட்டி ஹெப்சிபா மேடம் சிரிக்க மாட்டார்.

பதினேழாவது அமர்வில் குருலட்சுமி கழிக்காமல் விட்டுவிட்டாள். விட்டது என்றால் வேண்டுமென்று விடவில்லை. மரத்தடுப்புக்குப் பின்னால் உட்காரச் சொன்னது மேடம்தான். “உன் மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும் குரு, மறைஞ்சு உக்காரு.” அதனால் அவள் தடுப்புக்கு மேலாக அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள், அந்தப் பக்கத்திலிருந்து ஆறு குரல் வரும், தாளில் குறித்துக்கொள்வாள். அன்றைக்குப் பஸ் தாமதம். நம்ம ஆளுங்களைப் பக்கத்து அறையில் கூட்டி வைத்து ஒரு தடவை சொல்லிப் பார்க்க நேரமில்லை. பதினாறு தடவை செய்தவர்கள்தானே என்று நேராகத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டாவது அட்டை, அதுதான் கடைசி, முடிந்ததும் கரண்ட் போனது. ஜன்னல்களையெல்லாம் அடைத்து வைத்திருந்ததால் கும்மிருட்டு. நாற்காலிகள் தரையில் தேயும் சத்தம், செருப்புச் சத்தம், யாரோ யாரையோ வா என்று கூப்பிட்ட சத்தம். இவள் தட்டுத் தடுமாறிச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அறையில் ஒருவரும் இல்லை. ஆறாவது நாற்காலியில் ஒரு விண்ணப்பத் தாள் மட்டும் கிடந்தது. சேர்மக்கனி, பி.எஸ்ஸி. கணிதம், முதலாம் ஆண்டு. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு, நாளன்றைக்கு. ஐந்து வாரம் ஓடிவிட்டது.

நேற்று மேடம் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு தாளை வைத்தார். கணிதத் துறையிலிருந்து வந்தது. அந்தப் பெண் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். காரணம் என்று இருந்த இடத்தில் ‘கண் சரியில்லை’ என்று எழுதியிருந்தது. கண் ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சீட்டுக் கொடுத்த பிறகும் அப்படி எழுதியிருந்தாள். ஹாஸ்டல் வாசலில் ரோட்டைக் கடப்பதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவளிடம் பஸ் வருதா என்று கேட்கிறாளாம். தட்டில் போட்ட தோசையைப் பார்த்து இது தோசைதானே என்று ஒருநாள் கேட்டாளாம், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை, சாப்பிடுவதும் குறைந்துபோச்சு. இன்டர்னல் பரீட்சையில் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துப் படி எடுத்துவிட்டு வந்துவிட்டாளாம். “உன் பேப்பர்ல அவ கையெழுத்து மட்டும் இல்ல குரு,” என்றார் மேடம். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போன் செய்தபோது அந்தப் பக்கம் ஒரு மெல்லிய குரல், “யாருக்கா? ஓ, அந்தக் கோடு அக்காவா?” என்றது. கோடு அக்கா. இரண்டு வருஷம் படித்து வாங்கிய பட்டம்.

நல்லது, இன்றைக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பதினேழாவது அமர்வில் இருந்த ஐந்து நம்ம ஆளுங்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம், வேண்டுமானால் ஒருத்தியைக் கூப்பிட்டு நேரிலேயே காட்டலாம், அப்போது இன்னும் நன்றாக நம்புவாள் என்று நினைத்து பீரோவைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்தாள். பதினாறில் ஐந்து கையெழுத்து. பதினெட்டில் ஐந்து கையெழுத்து. பதினேழில் ஒன்றுமில்லை. கோடு போட்ட கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. மறந்திருப்பார்கள். ஐந்து பேருமா? வாட்ஸப்பில் அவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. குட்மார்னிங் பூக்களின் தொல்லை தாங்காமல் அவள் அதை எப்போதோ வாயடைத்து வைத்திருந்தாள். இப்போது கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளி, ஐந்து வாரப் பூக்களையும் கேலிப் படங்களையும் தாண்டி அந்தத் தேதிக்குப் போனாள். காலை ஒன்பது நாற்பது. ‘அக்கா சாரி, கேம்பஸ் இன்டர்வியூ இன்னைக்கே வெச்சுட்டாங்க.’ ‘நானும் அங்கதான் கா.’ ‘அக்கா என்னையும் சேத்து.’ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தையும் எண்ணிவிட்டு அவள் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள், எண்ணிக்கை மாறிவிடுமா என்ன. ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருதடவை கிர்ரென்றது. அன்றைக்கு ஐந்து குரல் கேட்டதே. யார் குரல் என்று கவனிக்கவில்லை, எந்த எண் என்றுதான் கவனித்தாள்.

வராண்டாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் சவரிமுத்து. இருபது வருஷமாகத் துறையின் அட்டெண்டர். நாற்காலி போடுவதும் ஆளை உட்கார வைப்பதும் அவர் வேலை. குருலட்சுமி கதவுப்பக்கம் வந்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணே, அன்னைக்கு கரண்ட் போச்சே, அந்த அமர்வுக்கு நம்ம பிள்ளைங்க யார் யார் வந்தாங்க?”

“நம்ம பிள்ளைக ஒருத்தரும் வரல்லயே பாப்பா. அன்னைக்கு எல்லாம் கம்பெனிக்காரன் வந்தாம்னு அங்கல்லா ஓடிட்டாவ.”

“அப்ப நாற்காலில உக்காந்திருந்தது?”

“வெளிய நோட்டீஸப் பாத்துட்டு ஒரு ஆறு பேரு நின்னாவ. உள்ள வாங்கன்னு நாந்தான் உக்கார வெச்சேன். நாற்காலி காலியா மட்டும் இருக்கக் கூடாதுண்ணேன்னு நீதான சொல்லி வெச்சிருந்த?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நீ எங்க மூஞ்சியக் காமிச்ச? வந்ததும் தடுப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்ட. எல்லாம் நல்லபடியாத்தான நடந்துச்சு? கணீர் கணீர்னு சொன்னாவளே.” அவர் காதைக் குடைந்துகொண்டார். “என்ன பாப்பா, எதும் தப்பாயிட்டா?”

“ஒண்ணுமில்லண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் தடுப்புக்குப் பின்னால் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், அங்கேயிருந்து நாற்காலிகள் தெரியாது என்பதற்காக. தெரியாததால் ஒன்றும் குறையவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காத ஐந்து பேர், ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள், பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாதவர்கள், வரிசையாக உட்கார்ந்து, குட்டைக் கோட்டைப் பார்த்து இதுதான் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை. தாளை எடுத்துப் பார்த்தாள், அவள் கையெழுத்தில் டிக், டிக், டிக், பன்னிரண்டு அட்டைக்குப் பன்னிரண்டு வரிசை. முதல் ஆள் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவராக இருக்கலாம். ஏதோ மங்கலாகத் தெரிந்ததைச் சொல்லியிருப்பார். இரண்டாவது ஆள், முதல் ஆளே இவ்வளவு தைரியமாகச் சொல்கிறாரே என்று சொல்லியிருப்பார். மூன்றாவது ஆளுக்கு இரண்டு பேர் இருந்தார்கள், நான்காவது ஆளுக்கு மூன்று பேர். சரி, அப்படித்தான் இருக்கும், புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது, இதைத்தானே நிரூபிக்க வந்தாய், பரீட்சையில் எழுதினால் பத்துக்கு எட்டு போடுவார்கள். ஆனால் அந்த முதல் குரல். அது எப்படி இருந்தது? ஆணா பெண்ணா? மற்ற ஐந்தும் லேசாக நினைவில் நிற்கின்றன, ஒன்று மூக்கடைத்த குரல், ஒன்று அவசரக் குரல், கடைசியில் சேர்மக்கனியின் குரல், முதல் ஐந்து அட்டைக்குச் சரியாகவும் தெளிவாகவும், ஆறாவதிலிருந்து மெல்ல இறங்கியும், பிறகு மற்றவர்களைப் போலவும். முதல் குரல் மட்டும் அகப்படவில்லை. அட்டையைத் தூக்கினாள், இரண்டு என்று கேட்டது, டிக் போட்டாள். கேட்டதா? கேட்கும் என்று தெரிந்ததால் போட்டாளா? சவரிமுத்து அண்ணன் ஆறு பேர் என்றார். ஆறு நாற்காலி, ஆறு பேர். அப்படியானால் முதல் நாற்காலியிலும் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும், இருட்டில் அவரும் எழுந்து போயிருக்க வேண்டும், இந்த வளாகத்தில் எங்கேயோ இப்போதும் கேன்டீனிலோ லைப்ரரியிலோ உட்கார்ந்து எதையோ பார்த்து அது வேறொன்று என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் வெயிலில் வரும் யோசனை என்று தலையை உதறினாள். தண்ணீர் குடித்தாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது குருலட்சுமிதான் மூன்று தடவை தண்ணீர் கொண்டு போனாள், அதுவும் இதே மாதிரி ஒரு பங்குனிதான், பானையில் தண்ணீர் குளிரவேயில்லை. அவளுடைய சொந்த அக்கா பாக்கியலட்சுமி. கோவில்பட்டி மாப்பிள்ளை. மூன்று தடவை போய் மூன்று தடவையும் அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சிரிக்காதது கூடப் பெரிசில்லை, அந்த முகம் எதையோ அளந்துகொண்டிருந்தது. அவர்கள் கார் தெரு திரும்பியதும் அப்பா சொன்னார், சிரிச்ச முகம். மாமா சொன்னார், ஆமா மச்சான், சிரிச்ச முகம். சித்தி சொன்னாள், அம்மா சொன்னாள். அடுக்களையில் அக்கா இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லுடீ. நீ பொய் சொல்ல மாட்ட. சிரிச்சாரா?” பிடித்த கை சில்லென்று இருந்தது. இவள் வாயைத் திறந்தபோது இல்லை என்றுதான் வரப்போகிறது என்று நினைத்தாள். “சிரிச்சாருக்கா, நல்ல சிரிச்ச முகம்” என்றுதான் வந்தது. யாரும் மிரட்டவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலு வருஷமாகிறது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்து நல்லாருக்கேன் என்கிறாள், ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளின் குரலில். மேடம் எதற்கு இந்தத் தலைப்பு என்று கேட்டபோது இவள் ஆர்வம் மேடம் என்றாள். ஆர்வமாம். மண்ணாங்கட்டி. தன்னைப் போல எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து ஆறுதல் அடைய வந்தவள். அதைவிடப் பயமான விஷயம் இன்னொன்று இருக்கிறது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதெல்லாம் அந்தக் கூடத்தை நினைத்துப் பார்க்கும்போது, மூன்றாவது தடவை தண்ணீர் கொடுக்கும்போது, மாப்பிள்ளை லேசாகச் சிரிக்கிறார். முதலில் அந்தச் சிரிப்பு இல்லை. எப்போது வந்தது என்று தெரியவில்லை. வந்து இருக்கிறது.

மணி இரண்டு நாற்பது. அட்டைக் கட்டிலிருந்து ஏழாவது அட்டையை உருவினாள். சேர்மக்கனி சறுக்கிய இடத்துக்குப் பக்கத்து அட்டை. மடியில் வைத்துப் பார்த்தாள். மூன்று. சந்தேகமே இல்லை. தூரமாகச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். மூன்றுதான். இரண்டாவது கோடு குட்டை. குட்டை என்றால், கொஞ்சம் குட்டை. கண்ணைச் சிமிட்டினாள். இந்த ஒரு வருஷத்தில் ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை நூறு தடவை இந்த அட்டையைக் காட்டி இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பாள். தயங்காம சொல்லணும், நம்புற மாதிரி சொல்லணும், நீங்களே நம்பிட்டா இன்னும் நல்லது, என்று சொன்னது அவள்தான். இரண்டாவது கோடு மேல்பக்கமாக ஒரு மூச்சு விட்டது போல இருந்தது. அவசரமாக ஸ்கேலை எடுத்து அளந்தாள். இடது கோடு பதினொன்று. மூன்றாவது பதினொன்று. இரண்டாவது ஒன்பதரை. அப்பாடா. முழுசாக ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம், குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லலாம். ஸ்கேலை எடுத்ததும் இரண்டாவது கோடு மறுபடியும் பழைய இடத்துக்கு எழும்பி நின்றது. ஸ்கேல் சொல்வதை நம்புவதும் இன்னொருவர் சொல்வதை நம்புவதுதானே என்று ஒரு யோசனை வந்தது, யார் யோசித்தது என்று தெரியாதபடி பக்கவாட்டிலிருந்து வந்தது. அவள் அட்டையை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தாள்.

சேர்மக்கனியிடம் என்ன சொல்வது? இருப்பது இரண்டே வழிதான். உள்ளதைச் சொல்லலாம். அம்மா, அன்றைக்கு யாருமே நடிக்கவில்லை, ஐந்து பேரும் உன்னைப் போல வந்தவர்கள், நெஞ்சில் கை வைத்துத்தான் இரண்டு என்றார்கள். அதைக் கேட்டு அந்தப் பெண் என்ன செய்வாள்? அப்படியென்றால் என் கண்தான் தப்பு என்று எழுந்து போவாள். சந்தேகமாக இருந்தது உறுதியாகிவிடும். திருஷ்டி கழிக்கக் கூப்பிட்டுவிட்டுத் திருஷ்டியை ஆணியடித்து அனுப்பினது போல ஆகும். இல்லையென்றால் வழக்கமான அந்த விஷயத்தையே சொல்லலாம். ஐந்து பேரும் நம்ம ஆளுங்க. இத்தனை நாள் அது உண்மையாக இருந்தது, இன்றைக்கு ஒருநாள் பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெண்ணுக்குக் கண் திரும்பக் கிடைக்கும், டி.சி.யை வாபஸ் வாங்குவாள், தோசையைத் தோசை என்று தின்பாள். யாருக்கு என்ன நஷ்டம்? உனக்கும் லாபம்தானே குரு, என்றது அந்தப் பக்கவாட்டு யோசனை. உண்மையைச் சொன்னால் பதினேழாவது அமர்வு செல்லாது, நம்ம ஆளுங்களைக் கண்ணால் பார்க்காமலே அமர்வு நடத்தினாய் என்று எல்லாமே சந்தேகத்தில் விழும், இந்த வருஷம் பட்டம் இல்லை. அதற்காகத்தான் பொய் சொல்லப் போகிறாயா, அந்தப் பெண்ணுக்காகவா? அந்தப் பெண்ணுக்காக. நிச்சயமாகவா? பொய்யை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாக இருந்தது, நம்புகிற மாதிரி இருந்தது. இப்படி நன்றாகச் சொல்கிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத்தானே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது.

“அக்கா, இதான ரூமு?”

வாசலில் நின்றது ஒல்லியான ஒரு பெண், நெற்றியில் வியர்வை. பெயர்ப்பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு கேட்டாள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்த குருலட்சுமி அவள் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். உள்ளே வந்த சேர்மக்கனி ஆறாவது நாற்காலிக்குத் தானாகப் போய், அதன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா, கரண்ட் போனதுல முடியாமப் போச்சு. உங்ககூட உக்காந்திருந்தாங்களே, அவங்க அஞ்சு பேரும் நம்ம ஆளுங்க. தப்பா சொல்லணும்னு நான் சொல்லிக்குடுத்து உக்கார வெச்சவங்க. எல்லாம் நடிப்பு. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி.”

சேர்மக்கனியின் முகத்தில் நடந்ததை குருலட்சுமி வாழ்நாளில் மறக்க முடியாது. அடைத்துக் கிடந்த வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது போல இருந்தது.

“நடிப்பாக்கா? சத்தியமா?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மேஜையில் கிடந்த அட்டையை எட்டி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “மூணு. மூணுல்லாக்கா? அய்யோ, எவ்வளவு நல்லாத் தெரியுது!” கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். “நான் பைத்தியம்னு நெனச்சுட்டேன்கா. வீட்டுக்குப் போயிரலாம்னு எழுதியே குடுத்துட்டேன்.”

குருலட்சுமிக்கும் சந்தோஷமாக இருந்தது, சுத்தமான சந்தோஷம். இவ்வளவுதான், இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்று பேனாவை எடுத்து நீட்டினாள். சேர்மக்கனி வாங்கிக் குனிந்தாள். எழுதப் போன கை நின்றது.

“அஞ்சு பேருமாக்கா?”

“ஆமா.”

“ரெண்டாவதா உக்காந்திருந்தாளே, பச்சைச் சுடிதாரு, அவளுமா?”

“எல்லாரும்தாம்மா.”

“அது எங்க அக்கால்லா,” என்றாள் சேர்மக்கனி.

ஃபேன் கிர்ரென்றது.

“இங்கதான் எம்.காம். படிக்கா. ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம்.” சேர்மக்கனியின் குரலில் கோபம் இல்லை, கணக்குப் போடுகிற குரல். “அன்னைக்கு ராத்திரி பூரா அவகிட்ட அழுதேன். நீ நெஜமாவே ரெண்டுன்னுதான் பாத்தியான்னு கேட்டேன். எந்தலைல கைய வெச்சு சத்தியம் பண்ணினா. கண்ணாஸ்பத்திரிக்கு அவதான் கூட்டிட்டுப் போனா. எனக்குத் தெரியாம எங்கம்மாட்ட போன்ல அழுவா.” நிறுத்தினாள். “அஞ்சு வாரம் நடிச்சிருக்கா.”

பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள், தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக. “ரொம்ப தேங்க்ஸ்க்கா. இனி சரியாயிரும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். யாரிடமும் வழி கேட்கவில்லை.

குருலட்சுமி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். கீழே சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், தோளில் இரண்டு பை, ஒன்று தங்கையுடையதாக இருக்க வேண்டும். சேர்மக்கனி படியிறங்கி வெயிலுக்குள் வந்தாள். அக்கா குடையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். “கனி, என்ன சொன்னாவ? ஏ கனி!” சேர்மக்கனி நிற்கவில்லை. அவள் கையிலிருந்து தன் பையை மட்டும் உருவிக்கொண்டு, ஒரு தூணைத் தாண்டிப் போவது போல அவளைத் தாண்டிப் போனாள். அக்கா நீட்டிய குடையோடு அப்படியே நின்றாள். குற்றம் செய்யாதவர்களின் நிற்பு அது, என்ன என்று தெரியாமல், தெரியாததாலேயே குற்றவாளி மாதிரி. குருலட்சுமியின் மணிக்கட்டில் யாரோ பிடித்தது போலச் சில்லென்றது. பட்டம் போகட்டும், எல்லாம் போகட்டும் என்று ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அவள் கத்தினாள்.

“சேர்மக்கனி! நில்லும்மா! நான் சொன்னது பொய்! உங்க அக்கா நடிக்கல. யாருமே நடிக்கல. எல்லாரும் பாத்ததத்தான் சொன்னாங்க!”

சேர்மக்கனி நின்றாள். திரும்பி, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். அக்காவும் மேலே பார்த்தாள்.

“அப்ப எதுக்கா சரி?” கீழேயிருந்து கேட்டது. “ரெண்டா, மூணா?”

மூன்று என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்து இன்னும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குருலட்சுமி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தனக்கே தெரிவதற்குள், அவள் முதலில் ஏதாவது சொல்லட்டும் என்று அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.